ஜிப்சிக்கு லிஃப்ட்: 40,000 ரூபாய்க்குள்ள எதை மாத்தலாம், எதை விடலாம்?

கொங்கு_ஜிப்சி | 3 ஜூன், இரவு 9.40

வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க எல்லாத்தையும் படிச்சுட்டு ஓரமா உக்காந்திருந்தவன். இப்பத்தான் வாயைத் திறக்கற அளவுக்கு விசயம் வந்திருக்குதுங்க.

வண்டி 2004 மாருதி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ, சாஃப்ட் டாப். நான் மூணாவது ஓனர். டயர் 205/70 ஆர்15. வாரத்துக்கு ஒருக்கா பொள்ளாச்சியில இருந்து ஆழியாறு வழியா 40 கொண்டை ஊசியும் ஏறி வால்பாறைப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போகோணும். தார் ரோடு பிரச்சனையில்லீங்க. கடைசி 3 கிலோமீட்டர் எஸ்டேட் பாதை. டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல முதுகு, முதுகு மேல கல்லு. ஒரு மழை பெஞ்சு மண்ணு கரைஞ்சா கல்லு மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். போன மாசம் ரெண்டு தடவை அடியில 'டங்'னு வாங்கிருச்சு.

லிஃப்ட் போடலாம்னு, அதாவது வண்டி உசரத்தைக் கூட்டலாம்னு விசாரிச்சேன். உள்ளூர்ல ஒருத்தர் நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கோட ஒரு முனையைச் சேஸிஸோட சேக்கற இணைப்பு) போட்டு 4 இஞ்ச் தூக்கித் தர்றேன், 6,000 போதும்ங்கறார். கோயமுத்தூர்ல ஒருத்தர் ஸ்பிரிங் ஓவர் பண்ணுங்க, 35,000ங்கறார். வெளிநாட்டு கிட்டோட விலையைப் பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சுட்டேன். கையில இருக்கறது 40,000. அதுக்கு மேல போனா வீட்ல வண்டியவே வித்துப்போடுவாங்க. என்ன பண்ணலாமுங்க?

பட்டறை_மணி | 3 ஜூன், இரவு 10.25

தம்பி, வாங்க. நாமக்கல்லில் அப்பா காலத்திலிருந்து லாரிக்கு பிளேடு (ஸ்பிரிங் பட்டை) கட்டுற பட்டறை. ஜிப்சியும் அப்பப்ப வரும்.

காசு பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அடி வாங்கினது எந்த இடம்? கீழே படுத்துப் பாத்தீங்களா? ஆக்சில்ல கிரவுன்ங்கிற பல்சக்கரம் இருக்கிற உருண்டையிலா, முன்பின் சக்கரத்துக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழேயா, சைலன்சர் குழாயிலா? பதில் மாறினா செலவே மாறிடும்.

எதுக்கு கேக்குறேன்னா, ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் ஆக்சில் ஒரு நூல் கூட மேலே வராது. சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்சில் நிக்கிறது டயர்மேல. ஆக்சில் ஏறணும்னா டயர் பெருசாகணும், வேற வழி கிடையாது. கிரவுன்ல அடி வாங்குறவன் 4 இஞ்ச் லிஃப்ட் போட்டா, அடுத்த வாரமும் அதே கல்லு அதே இடத்துல அடிக்கும். உக்காந்திருக்கிறவன் மட்டும் கொஞ்சம் உசரத்துல இருந்து அந்தச் சத்தத்தைக் கேப்பான்.

பீச்மணல் | 3 ஜூன், இரவு 11.02

ப்ரோ, சிம்பிள். ஸ்பிரிங் ஓவர் பண்ணிட்டு 235/75 ஆர்15 டயர் போடுங்க. ஜிப்சியில ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழ இருக்கு. அதைத் தூக்கி ஆக்சில் மேல வெச்சா ஒரே அடியில 5 இஞ்ச் கிட்ட கெடைக்கும். ஸ்பிரிங்கை ஆக்சிலோட கட்டற யூ போல்ட், பிளேட் எல்லாம் கீழ தொங்காம மேல போயிடும். ஒருவாட்டி செலவு, லைஃப் டைம் நிம்மதி. என்னோடது மூணு வருஷமா ஓடுது. ஈசிஆர் பக்கம் மணல்ல வந்து பாருங்க, புலி மாதிரி போகும்.

கணக்குவாத்தி | 4 ஜூன், காலை 6.15

புலி மணலில் எதற்குப் போகிறது என்று தெரியவில்லை. போகட்டும்.

டயர் கணக்கைப் போட்டுவிடுகிறேன், பிறகு சண்டை போட வசதியாக இருக்கும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. 215/75 என்றால் 703. 235/75 என்றால் 733. ஆக்சில் ஏறுவது இந்த வித்தியாசத்தில் பாதி. ஆக 215/75 போட்டால் கிரவுன் 18 மி.மீ. மேலே வரும், 235/75 போட்டால் 33 மி.மீ. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கல்லுக்கும் கிரவுனுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் என்பது பெரிய விஷயம்.

இதற்குக் கொடுக்கும் விலை: 215/75 போட்டால் மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 84இல் போவீர்கள். 235/75க்கு கிட்டத்தட்ட 88. அதே அளவுக்கு கியரும் நீண்டுவிடும். 1,298 சிசி, 80 குதிரைத்திறன், அதுவும் 6,000 சுற்றில்தான் முழுசாக வரும் இன்ஜின். 40 கொண்டை ஊசியையும் 10 சதவீதம் நீண்ட கியரில் ஏறுங்கள், வலது காலுக்கும் இரண்டாவது கியருக்கும் நல்ல பழக்கம் ஏற்படும்.

மலைத்தடம் | 4 ஜூன், காலை 7.50

நான் எஸ்டேட்டில் 31 வருடம் ஃபீல்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? அந்தப் பாதையில் கல்தான் ரோடு. நான் கடைசியாகப் போன ஜீப் பழைய மஹிந்திரா, லிஃப்ட் கிடையாது, ஒல்லி டயர், பின்னால் ஆறு பேர். டிரைவருக்கு எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்பது மனப்பாடம். நடு முதுகில் கல் இருந்தால் அவர் முதுகை நடுவில் விடவே மாட்டார், ஒரு பக்கச் சக்கரத்தை முதுகின் மேல் ஏற்றிவிடுவார். கிரவுன் கல்லுக்குப் பக்கவாட்டில் போய்விடும்.

இன்னொன்று. ஜிப்சியின் முன் ஆக்சிலில் கிரவுன் நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். அது எந்தப் பக்கம் என்று உங்கள் வண்டியில் குனிந்து பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு பூஜ்யம்.

பீச்மணல் | 4 ஜூன், காலை 10.31

அங்கிள், டிரைவிங் ஸ்கில் வேற, ஹார்டுவேர் வேற. ஸ்கில் இருக்கறவனுக்கு ஹார்டுவேர் வேணாம்னா எல்லாரும் அம்பாசிடர்லயே போகலாமே.

மலைத்தடம் | 4 ஜூன், காலை 11.05

போயிருக்கிறோம் தம்பி.

கொங்கு_ஜிப்சி | 5 ஜூன், இரவு 8.15

மணிண்ணா சொன்ன மாதிரி வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தனுங்க. சட்டை போச்சு. ஆனா கண்ணு தொறந்திருச்சு.

அடி வாங்கினது ரெண்டு இடம். பின் கிரவுன்ல ஒரு கீறல். அது பழசாக்கூட இருக்கலாம். இன்னொண்ணு புதுசு: பின்னால வலது பக்கம் ஸ்பிரிங்குக்குக் கீழ யூ போல்ட் மாட்டற தகடு நசுங்கியிருக்குது. அப்பறம் சமதளத்துல நிறுத்தி ஹப் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்தேன். பின்னால வலது பக்கம் இடதை விட 22 மி.மீ. இறங்கியிருக்குது. பின் பிளேடு ரெண்டு பக்கமும் வில்லு மாதிரியே இல்லீங்க, ஸ்கேல் மாதிரி நேரா இருக்குது. ஷேக்கிள் கிட்டத்தட்ட படுத்துக்கிச்சு. ஆக்சில் சேஸிஸ்ல இடிக்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் ஒண்ணைக் காணவே காணோம். ஷாக்கைக் கழட்டிக் கையில அமுக்கினா சைக்கிள் பம்பு மாதிரி போகுது, திரும்பி வர்றதில்லை.

பட்டறை_மணி | 5 ஜூன், இரவு 9.50

பாத்தீங்களா. உங்களுக்கு லிஃப்ட் தேவைப்படலை தம்பி, கம்பெனி குடுத்த உயரம் எங்கே போச்சுன்னு தேடணும். ஜிப்சி வெளியே வரும்போது தரையிலிருந்து 210 மி.மீ. இடைவெளி. 20 வருஷத்துல பிளேடு தளர்ந்து, புஷ் தேஞ்சு, பாடி இறங்கிப்போச்சு. தார் ரோட்டுல பிளேடு நேரா நின்னா, பாதையில குலுங்கும்போது கீழ்ப்பக்கமா வளையும். அப்ப சேஸிஸும் பாடியும் கல்லைத் தேடிப் போகும். அந்தத் தகடு ஆக்சிலோட சேந்தது, அதுக்கு டயரும் ஓட்டுற விதமும்தான் மருந்து.

நான் உங்க இடத்துல இருந்தா 40,000த்தை இப்படித்தான் செலவு பண்ணுவேன். கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இந்த வேலையில ஏமாத்துறதுக்கு இடம் நிறைய.

முதல்ல பிளேடு. நாலு ஸ்பிரிங்கையும் கழட்டி, ஒவ்வொரு பிளேடா பிரிச்சு, கம்பி பிரஷ் போட்டுத் துரு எடுத்து, விரிசல் இருக்கான்னு பாக்கணும். பிளேடுகளைச் சேத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஓட்டையைச் சுத்தித்தான் விரிசல் முதல்ல விழும். விரிசல் இருந்தா தூக்கிப் போடுங்க, வெல்டிங் வெக்கவே கூடாது. மீதியை மறுபடியும் வளைச்சு வாங்கணும். இங்கதான் விஷயம். வளைக்கிறது ரெண்டு விதம். சும்மா குளிரா வெச்சு சுத்தியலால தட்டி வளைக்கிறது ஒண்ணு. வண்டி வெளியே போகும்போது ஜம்முனு நிக்கும், மூணு மாசத்துல பழைய கதை. உலையில சிவக்கக் காய்ச்சி, வளைச்சு, எண்ணெயில தோய்ச்சு, மறுபடி மிதமா சூடு காட்டி இறக்குறது இன்னொண்ணு. அந்தக் கடைசி சூடு முக்கியம். அதை விட்டா பிளேடு கண்ணாடி மாதிரி, முதல் பள்ளத்துலயே 'பட்'. காய்ச்சிட்டு அப்படியே காத்துல ஆற விட்டா வெறும் இரும்பு, ஸ்பிரிங்கே இல்லை. பட்டறையில 'எண்ணெய்த் தொட்டி எங்கே'ன்னு கேளுங்க. காட்ட முடியலைன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

'ஒரு பிளேடு எக்ஸ்ட்ரா வெச்சுத் தர்றேன்'னு சொல்லுவாங்க. வேணாம். ஜிப்சி 500 கிலோ சுமக்கக் கட்டின ஸ்பிரிங், காலி வண்டி அதுல ஏற்கனவே முயல் மாதிரி குதிக்கும். அதுவும் தடியான பிளேடு வெச்சா கேக்கவே வேணாம். பிளேடோட விறைப்பு தடிமன் x தடிமன் x தடிமன்ங்கிற கணக்குல ஏறும். 6 மி.மீ. பிளேடுக்குப் பதில் 7 மி.மீ. பிளேடுன்னா ஒரு மில்லிதான் கூடுச்சுன்னு தோணும். அந்த ஒரு பிளேடு ஒன்றரை மடங்குக்கு மேல விறைச்சுக்கும். உயரம் கிடைக்கும், ஆனா சக்கரம் பள்ளத்துல இறங்காம அந்தரத்துல சுத்தும். கல்லுப் பாதையில உயரத்தை விட நாலு சக்கரமும் தரையைத் தொடுறதுதான் பெருசு.

ரெண்டாவது ஷாக். அதைக் கடையில போய் 'ஜிப்சிக்கு லாங் ஷாக்'னு கேட்டு வாங்காதீங்க. பிளேடு வேலை முடிஞ்ச அப்புறம் ஷாக் இல்லாம வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி ஆக்சிலைத் தொங்க விட்டு, ஷாக் மாட்டுற ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அளங்க. அப்புறம் ஒரு பக்கத்தை ஜாக்கியால பம்ப் ஸ்டாப் தொடுற வரைக்கும் ஏத்தி அளங்க. வாங்குற ஷாக் முழுசா விரிஞ்சா முதல் அளவை விட நீளமா இருக்கணும், முழுசா அமுங்கினா ரெண்டாவது அளவை விட ஒரு 20 மி.மீ.யாவது குட்டையா இருக்கணும். இல்லைன்னா பம்ப் ஸ்டாப் செய்ய வேண்டிய வேலையை ஷாக் செய்யும், ஒரே மாசத்துல எண்ணெய் கக்கும்.

புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதுசு. கழட்டின யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, ஒருதடவை இழுத்து முறுக்கினது முறுக்கினதுதான். ஷேக்கிள் போல்ட்டை வண்டி சக்கரத்துல நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கணும். அந்தரத்துல முறுக்கினா ரப்பர் புஷ் இறங்கும்போதே முறுக்கிக்கிட்டுக் கிழியும்.

6,000 ரூபாய் ஷேக்கிளைப் பத்தி நாளைக்கு எழுதுறேன். லாரி வந்து நிக்குது.

ஈப்போ_செல்வா | 6 ஜூன், காலை 8.20

மலேசியாவுல இருந்து எழுதுறேன் அண்ணே. இங்க நம்ம ஜிப்சியோட அண்ணன் தம்பி, ஜிம்னி எஸ்ஜே410, செம்பனைத் தோட்டத்துல நிறைய ஓடுது. கேமரன் மலைக்குப் போனீங்கன்னா பழைய லேண்ட் ரோவர் காய்கறி ஏத்திக்கிட்டு சேத்துல போறதைப் பார்க்கலாம், எல்லாம் பிளேடு ஸ்பிரிங்தான்.

மணி அண்ணன் எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு, பிரேக் ஹோஸ், அதான் பிரேக் எண்ணெய் போற ரப்பர் குழாய். நான் முதல்ல லிஃப்ட் போட்டப்ப ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாத்திட்டு ஹோஸை மறந்துட்டேன். ரோட்டுல ஒண்ணும் தெரியலை. ஒரு நாள் தோட்டத்துல வாய்க்கால் தாண்டும்போது முன் இடது சக்கரம் முழுசாத் தொங்குச்சு. ஹோஸ் இழுத்துக்கிட்டு, முனையை நசுக்கி மாட்டின இடத்துல கசிய ஆரம்பிச்சிடுச்சு. எனக்குத் தெரிஞ்சது எப்போன்னா, இறக்கத்துல பெடல் தரையைத் தொட்டப்ப. செம்பனை மரம் காப்பாத்துச்சு. மரத்துக்கு ஒண்ணும் ஆகலை, பம்பர்தான் போச்சு.

ஆக்சிலைத் தொங்க விட்டு ஷாக் அளக்கிறீங்கல்ல, அப்பவே ஹோஸையும் பாருங்க. ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. பின்னால நடு ஹோஸையும் விட்டுடாதீங்க.

பட்டறை_மணி | 6 ஜூன், இரவு 9.10

செல்வா சொன்னது நூத்துக்கு நூறு. எழுத மறந்தது என் தப்பு.

ஷேக்கிள். ஷேக்கிளை 2 இஞ்ச் நீட்டினா ஆக்சில் இருக்கிற இடத்துல கிடைக்கிறது 1 இஞ்ச்தான், ஏன்னா ஸ்பிரிங்கோட ஒரு முனைதான் இறங்குது. 4 இஞ்ச் தூக்கணும்னா 8 இஞ்ச் நீட்டணும். அது ஷேக்கிள் இல்லை, ஊஞ்சல். திரும்பும்போது வண்டி பக்கவாட்டுல ஆடும்.

முன்னால இன்னும் மோசம். ஜிப்சியில முன் ஸ்பிரிங்கோட ஷேக்கிள் முன் முனையில இருக்கு. அதை நீட்டினா ஸ்பிரிங் மூக்கு கீழே குத்தும், அதோட ஆக்சிலும் முன்பக்கமாச் சாயும். முன் சக்கரம் திரும்புற அச்சான கிங் பின் பின்னோக்கிச் சாஞ்சு இருக்கிறதாலதான் ஸ்டீரிங் விட்டா நேரா வருது. அதுதான் காஸ்டர். அந்தச் சாய்வு குறைஞ்சா வண்டி ரோட்டுல நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இங்கேயும் அங்கேயும் போகும். ஸ்பிரிங்கோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 900 மி.மீ.ன்னு வெச்சுக்கிட்டா, ஒரு முனையை 30 மி.மீ. இறக்கினாலே 2 டிகிரி பக்கம் போயிடும்.

அதனால முன்னால ஷேக்கிளைத் தொடாதீங்க. பின்னால வேணும்னா 10, 15 மி.மீ. பாத்துக்கலாம், அதுவும் அவசியமில்லை.

பீச்மணல் | 6 ஜூன், இரவு 10.45

ஓகே, ஷேக்கிள் குப்பை, ஒத்துக்கறேன். ஆனா ஸ்பிரிங் ஓவர்ல என்ன தப்புன்னு யாரும் சொல்லலை. பழைய ஸ்பிரிங், பழைய ஷேக்கிள், எல்லாம் அப்படியே. காஸ்டர் வேணும்கற கோணத்துலயே ஸ்பிரிங் உக்கார்ற பேட்டை வெல்ட் பண்ணிக்கலாம். ஃபிளெக்ஸும் (சக்கரம் மேல கீழ போற தூரம்) சூப்பர்.

பட்டறை_மணி | 6 ஜூன், இரவு 11.20

தப்புன்னு சொல்லலை நண்பா. முழுசாப் பண்ணா அருமையான வேலை. முழுசாங்கிறதுல என்னென்ன வருதுன்னு நீங்களே சொல்லுங்க: ஸ்டீரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டிராக் லிங்க் ஸ்பிரிங்ல இடிக்காம இருக்க என்ன பண்ணீங்க? ஆக்சில் முறுக்கிக்கிறதுக்கு என்ன பண்ணீங்க? மொத்தம் எவ்வளவு ஆச்சு?

பீச்மணல் | 7 ஜூன், காலை 9.05

டிராக் லிங்க் வளைச்சது போட்டேன், அப்பறம் அது சரிவரலைன்னு ஸ்டீரிங் ஆர்ம் மாத்தினேன். ஆக்சில் முறுக்கறதுக்கு டிராக்‌ஷன் பார். புரொபெல்லர் ஷாஃப்டுக்கு ஸ்பேசர். ஷாஃப்ட் மூட்டுல இருக்கற கிராஸ் ரெண்டு வாட்டி மாத்தியாச்சு. பிரேக் ஹோஸ், ஷாக், பம்ப் ஸ்டாப் எக்ஸ்டென்ஷன்...

சரி. 35,000ல முடியலை. டயரோட சேத்து ஒண்ணே முக்கால் லட்சம் ஆச்சு. எங்க அப்பா இந்த இழையைப் படிக்க மாட்டார்ங்கற நம்பிக்கையில சொல்றேன்.

கணக்குவாத்தி | 7 ஜூன், காலை 9.40

நேர்மைக்கு ஒரு சல்யூட்.

இன்னொரு கணக்கு. ஜிப்சி கிங்கின் இரு சக்கர இடைவெளி 1,300 மி.மீ. சுமார். பாதி 650. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 650 உயரத்தில் இருப்பதாக, கணக்குக்காக மட்டும், வைத்துக்கொள்வோம். பக்கச் சரிவில் அசையாமல் நின்றால் 45 டிகிரியில் கவிழும். பாடியை 50 மி.மீ. தூக்கினால் ஆக்சில்களும் சக்கரங்களும் கீழேயே இருப்பதால் மொத்த மையம் ஒரு 40 ஏறும். அப்போது 43 டிகிரி. ஸ்பிரிங் ஓவர் செய்து 130 மி.மீ. தூக்கினால் 41க்கும் கீழே. காகிதத்தில் சின்ன வித்தியாசம். ஆனால் இது பொம்மை வண்டிக் கணக்கு. நிஜ வண்டி ஸ்பிரிங்கில் சாயும், ஒரு சக்கரம் கல்லில் ஏறும், இன்னொன்று பள்ளத்தில் இறங்கும், மேலே ரூஃப் கேரியரில் ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும் இருக்கும். அப்போது 41 எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு.

நெல்லை_தார் | 7 ஜூன், மதியம் 1.12

இழையைப் பின்தொடர்கிறேன். எங்கிட்ட இருக்கது பழைய மஹிந்திரா தார், முன்னாடி டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி ஸ்பிரிங்), பின்னாடி பிளேடு. முன்னாடி சாவியைத் திருகி 2 இஞ்ச் ஏத்திக் குடுத்தானுவ. இப்ப அல்வா கடைக்குப் போற ரோட்டுல உள்ள ஸ்பீட் பிரேக்கர்லயே சக்கரம் கீழ இறங்க இடமில்லாம 'டக்'னு நிக்கி. யாராச்சும் தனி இழை தொடங்குனா நல்லாருக்கும்.

கருப்புக்கோட்டு | 7 ஜூன், இரவு 8.30

சட்டம் பற்றி ஒருவரும் பேசவில்லை, எனவே நான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ(4): உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒரு மாற்றத்துக்கு' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

உங்கள் வண்டி 2004. 15 வருடம் முடிந்து 2019இல் பதிவைப் புதுப்பித்திருப்பார்கள், 5 வருடம் கழித்து 2024இல் மறுபடியும். 2029இல் மீண்டும் ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். தேய்ந்த ஸ்பிரிங்கை அதன் உயரத்துக்கு மீட்பது பழுதுபார்ப்பு. ஆக்சிலில் புதுசாக பேட் வெல்டிங் செய்து ஸ்பிரிங்கை இடம் மாற்றுவதை அப்படிச் சொல்ல முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் அங்கேதான்.

பீச்மணல் | 7 ஜூன், இரவு 9.02

என் வயித்துல புளியைக் கரைக்காதீங்க சார். அடுத்த மாசம் டாப்ஸ்லிப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு டிரெயில் போலாம்னு வேற பிளான்.

மலைத்தடம் | 7 ஜூன், இரவு 9.30

தம்பி, அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வண்டி இறக்கினால் வண்டி வனத்துறை வளாகத்தில் நிற்கும், லிஃப்டோடு. எஸ்டேட் பாதை ஓட்ட ஆசை என்றால் உரிமையாளரிடம் கேட்டு வாருங்கள், நான் கூட வருகிறேன்.

கொங்கு_ஜிப்சி | 29 ஜூன், இரவு 7.55

எல்லாத்துக்கும் நன்றிங்க. வேலை முடிஞ்சுதுங்க. கணக்கை ஒளிக்காம எழுதறேன், என்னைய மாதிரி ஆருக்காச்சும் உதவும்.

எண்ணெய்த் தொட்டி இருக்கற பட்டறையைத் தேடி நாலு எடம் ஏறி இறங்கினேன். கடைசியாக் கிடைச்சது. பின்னால ரெண்டு மெயின் பிளேடுலயும் சென்டர் போல்ட் ஓட்டையில விரிசல், மணிண்ணா சொன்ன அதே எடம். ரெண்டும் புதுசு. மீதியெல்லாம் காய்ச்சி வளைச்சது. பிளேடு வேலை மொத்தம் 11,500. யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் 1,600. புஷ் சுத்தியும் 2,400. ஷாக் நாலு 12,000. சாதா கேஸ் ஷாக்தானுங்க, அளந்து வாங்கினது. பேர் பெத்த ஆஸ்திரேலியா ஷாக்கெல்லாம் விசாரிக்கவே இல்லை. பிரேக் ஹோஸ் 1,800. பம்ப் ஸ்டாப் 1,200. கழட்டி மாட்டின கூலி 4,500. அலைன்மென்ட்டும் சில்லறையும் 1,300. ஆக 36,300.

உசரம்: முன்னால 45, பின்னால 55 மி.மீ. ஏறியிருக்குது. இடது வலது வித்தியாசம் 3 மி.மீ.க்குள்ள. நேத்து மாமனார் வீட்டுக்குப் போனேன். ஒரு 'டங்' கூட இல்லைங்க. மலைத்தடம் ஐயா சொன்ன மாதிரி முதுகு மேல ஒரு சக்கரத்தை ஏத்தித்தான் ஓட்டினேன்.

ஒரே ஒரு குறை. உடுமலை ரோட்டுல 70ஐத் தாண்டினா ஸ்டீரிங் ஒரு மாதிரி மிதக்குது. கையெடுத்தா நேரா நிக்கறதில்லை. அலைன்மென்ட்காரர் டோ (முன் சக்கரம் உள்ளயோ வெளியவோ பாக்கற கோணம்) சரியா இருக்குதுன்னுட்டார்.

ஈப்போ_செல்வா | 29 ஜூன், இரவு 9.15

காஸ்டர் வாசனை அடிக்குது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஆப்பு போட்டுச் சரி பண்ணலாம். ஸ்டீல் ஆப்பு வாங்குங்க, அலுமினியம் வேணாம், நசுங்கி உடைஞ்சிடும்.

பீச்மணல் | 29 ஜூன், இரவு 9.40

ஆமா, தடிப் பக்கம் பின்னால வர்ற மாதிரி போடுங்க. நான் அப்படித்தான் போட்டேன்.

கணக்குவாத்தி | 29 ஜூன், இரவு 10.05

நில்லுங்கள்! பீச்மணலின் வண்டி ஸ்பிரிங் ஓவர். அவருக்கு ஆப்பு ஆக்சிலுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்கில் இல்லை, ஆக்சிலின் தலைமேல் இருக்கிறது. தடிப் பக்கம் பின்னால் இருந்தால் ஆக்சிலின் பின் விளிம்பைக் கீழே அழுத்தும், தலை பின்னோக்கிச் சாயும், காஸ்டர் கூடும். கொங்கு ஜிப்சியாருக்கு ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே. அதே ஆப்பை அதே மாதிரி வைத்தால் ஆக்சிலின் பின் விளிம்பு மேலே தூக்கப்பட்டு தலை முன்னோக்கிச் சாயும். உள்ளதும் போகும். இவருக்குத் தடிப் பக்கம் முன்னால் வர வேண்டும்.

பட்டறை_மணி | 29 ஜூன், இரவு 10.50

வாத்தியார் சரி. ஆனா ஆப்புக்கு முன்னாடி ஒரு கேள்வி. வெறும் பிளேடை வளைச்சா ரெண்டு முனையும் சேந்துதான் இறங்கும், காஸ்டர் இந்த அளவுக்குப் போகக் கூடாது. தம்பி, முன் ஷேக்கிளோட நீளத்தை அளந்து சொல்லுங்க. ஓட்டைக்கு ஓட்டை. பழையது கையில இருந்தா அதையும் அளங்க.

கொங்கு_ஜிப்சி | 30 ஜூன், மாலை 6.20

அண்ணா, நீங்க அங்கிருந்தே பாத்துட்டீங்க. புதுசு 30 மி.மீ. நீளம். மாட்டினவர்கிட்ட கேட்டேன். 'பழசு துருப்பிடிச்சிருந்துச்சு, கையில நீளமானது இருந்துச்சு, உங்களுக்கு உசரம்தான வேணும்னு சும்மாவே போட்டு விட்டேன், காசு வாங்கலையே'ங்கறார். நல்ல மனுசன்தானுங்க, என்ன சொல்றது.

பட்டறை_மணி | 30 ஜூன், இரவு 8.00

இலவசம்னாலே ஒரு தடவை திருப்பிப் பாக்கணும். பழையது தேயலைன்னா துருவைச் சுரண்டி பெயின்ட் அடிச்சு அதையே மாட்டுங்க. முன்னால 15 மி.மீ. குறையும், பரவாயில்லை. ஆப்பு வேணாம். ஆப்பு போட்டா காஸ்டர் வரும், ஆனா முன் கிரவுனோட மூக்கு கீழே குனியும், புரொபெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும். ஒண்ணைச் சரி பண்ண இன்னொண்ணைக் கெடுக்கிற வேலை. மாட்டின பிறகு 500 கிலோமீட்டர்ல யூ போல்ட் நட்டை எல்லாம் ஒருதடவை இறுக்கிடுங்க.

கொங்கு_ஜிப்சி | 11 ஆகஸ்ட், இரவு 9.30

கடைசித் தகவலுங்க. பழைய ஷேக்கிள் போட்டாச்சு, 80ல ஒரு விரல்ல ஓட்டலாம். பிளேடு ஆறு வாரத்துல ஒரு 8 மி.மீ. படிஞ்சுது, அதுக்கப்பறம் அப்படியே நிக்குது. இப்ப பழைய உசரத்துக்கு மேல முன்னால 22, பின்னால 47 இருக்குதுங்க. பின்னால ஆள் ஏறினா சமமாயிருது.

மீதி 3,700ஐ டயர் உண்டியல்ல போட்டிருக்கறேன். 205/70ல இன்னும் ஒரு வருசம் ஓடும். தேஞ்சப்பறம் 215/75 போடலாம்னு இருக்கறேன், 235 வேணாமுங்க.

நேத்து மழையில அதே கல்லு. பின் கிரவுன் லேசா உரசுச்சு, சத்தம் கம்மி. மாமனார் கடப்பாரையை எடுத்துட்டு வந்து அந்தக் கல்லையே பேத்துட்டார். அரை மணி நேர வேலை.

மலைத்தடம் | 11 ஆகஸ்ட், இரவு 9.48

இதை நான் முதல் நாளே சொல்லலாம் என்றிருந்தேன். இழை இவ்வளவு நன்றாகப் போயிருக்காது.

நெல்லை_தார் | 11 ஆகஸ்ட், இரவு 10.20

கழட்டிப் போட்ட அந்த 30 மி.மீ. நீள ஷேக்கிள் என்ன ஆச்சு? விக்கதா இருந்தா சொல்லுங்க.

பட்டறை_மணி | 11 ஆகஸ்ட், இரவு 10.22

வேணாம்யா.